கண்ணீரும் காலிப் புட்டியும்

ஆற்றிலே ஒரு தோணி. தோணியிலே தனியொருவன். தலையிலே இறகு, தோளிலே புரளும் பின்னல், உடலிலே தோலாடை, கையிலே துடுப்பு! அமெரிக்க மண்ணின் ஆதிக்குடி இவன் என்று காண்போர் எண்ணத்தக்க கோலம். தெளிந்த நீரிலே புறப்பட்ட தோணி, குப்பை மிதக்கும் துறையை அடைகிறது. ஆலைப்புகை வானை மூடுகிறது. கரையேறி நெடுஞ்சாலை ஓரத்திலே வந்து நிற்கிறான். பாய்ந்தோடும் மோட்டாரிலிருந்து எவரோ வீசிய குப்பைப் பை, அவன் காலடியிலே விழுந்து சிதறுகிறது. அவன் முகம் திரும்புகிறது. கண்ணிலே ஒரு துளி நீர். அது கன்னத்திலே மெல்ல வழிகிறது. அப்போது ஒரு குரல் கேட்கிறது: மாசினைத் தொடங்குவோர் மக்கள், அதனை நிறுத்த வல்லவரும் மக்களே!

1971ஆம் ஆண்டு, புவி நாளன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியிலே முதன்முதல் காட்டப்பட்ட விளம்பரம் இது. ஒரு நிமிடக் காட்சிதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் ஆண்டுக்கணக்கிலே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கண்டோர் கலங்கினர், பரிசுகள் குவிந்தன, அந்த நாட்டு விளம்பர வரலாற்றிலேயே தலைசிறந்தவற்றுள் ஒன்று என்று பாராட்டினர்.

பாராட்டட்டும், தோழர்களே! நாம் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக் கொள்வோம். "மக்கள்" என்ற சொல்லை! மாசு செய்வோர் மக்களாம். குப்பையை வீசிய கையைக் காட்டினார்கள். அந்தக் குப்பையை நாள்தோறும் கோடிக் கணக்கிலே வார்த்தெடுத்த கையை ஏன் காட்டவில்லை? காட்சியை எடுத்தவர் யார்? செலவுக்குப் பணம் தந்தவர் யார்?

'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' என்ற பெயர் தாங்கிய ஓர் அமைப்பு, அந்நாட்டு விளம்பர மன்றத்தோடு கூடி எடுத்த படம் அது. பெயரைக் கேட்டதும் பூந்தோட்டச் சங்கமோ, பொதுத்தொண்டர் கழகமோ என்று தோன்றும். அதன் பிறப்பேட்டைப் புரட்டினால் கிடைக்கும் பெயர்கள் வேறு. தகரக் குவளை செய்யும் அமெரிக்கன் கேன் கம்பெனி. கண்ணாடிப் புட்டி செய்யும் ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனி. பின்னர் வந்து சேர்ந்தோரிலே கொக்கோ-கோலா உள்ளிட்ட பானக் கம்பெனிகள்! சாலையோரத்திலே சிதறிக் கிடந்தவை எவையோ, அவற்றைச் செய்து விற்றவர்களே அந்தக் கண்ணீருக்கும் காசு கொடுத்தவர்கள்.

கண்ணீர் விட்டவரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அயர்ன் ஐஸ் கோடி என்ற பெயரோடு, செவ்விந்தியராகவே வாழ்ந்து திரைப்படங்களிலே நடித்தவர் அவர். 1996இலே ஒரு செய்தித்தாள் அவருடைய பிறப்பை வெளியிட்டது. இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லூசியானா மாநிலத்திலே பிறந்தவர். இயற்பெயர் எஸ்பெரா டி கோர்ட்டி. கன்னத்திலே வழிந்த துளியோ கிளிசரின். அவர்மீது நமக்குக் காய்தலில்லை. ஆதிக்குடிகளின் நலனிலே வாழ்நாளெல்லாம் அக்கறை காட்டியவர் என்பதும் உண்மை. ஆனால் இரவல் இறகும் இரவல் கண்ணீரும் கொண்டு எழுப்பிய காட்சி, எந்தக் கேள்வியை மறைக்க எழுந்தது என்பதை ஆராய வேண்டாமா? அந்த விளம்பரத்தின் உரிமை 2023இலே அமெரிக்க ஆதிக்குடிகளின் தேசியப் பேரவையைச் சார்ந்த நிதியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஓய்வு பெறச் செய்துவிட்டார்கள். படம் போயிற்று. படம் புகட்டிய பாடமோ போகவில்லை. இன்று புதிய பட்டாடை உடுத்தி உலா வருகிறது. "சுழற்சிப் பொருளாதாரம்" என்பது அதன் பெயர். "வளங்குன்றா வளர்ச்சி" என்பது அதன் பட்டம்.

கம்பெனிகளின் இன்றைய அறிக்கைகளைப் பாருங்கள். அட்டையிலே பச்சை இலை. உள்ளே நீல உருண்டையான உலகம். அதனைத் தாங்கும் குழந்தையின் கைகள். "எமது பொருள் எதுவும் குப்பையாகாது; சுழன்று சுழன்று மீண்டும் பிறக்கும்" என்று வாக்குறுதி. இது புதிய ஞானோதயமா? வரலாற்றைக் கேட்போம்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அமெரிக்காவிலே, குளிர்பானம் என்றால் கனத்த கண்ணாடிப் புட்டி. கடைக்காரர் பானத்துக்கு விலை வாங்குவார். புட்டிக்கென்று ஓரிரு சென்ட் முன்பணமும் வாங்குவார். குடித்து முடித்தவர் காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் முன்பணம் கைக்கு வரும். எவரேனும் தெருவிலே விட்டுச் சென்றாலும், சிறுவர்கள் ஓடி எடுத்துக் கடையிலே கொடுத்துக் காசு பெறுவார்கள். புட்டி ஆலைக்குத் திரும்பும், கழுவுவார்கள், மீண்டும் நிரப்புவார்கள். ஒரே புட்டி இப்படி இருபது முறைக்கு மேலும் கடைக்கும் ஆலைக்கும் நடைபோடும். காலிப் புட்டி என்பது குப்பையாக இல்லை, காசாக இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு எவரும் மாநாடு கூட்டவில்லை. இலச்சினை வரையவில்லை. வியாபாரம் என்றுதான் பெயர். புட்டி கம்பெனியின் சொத்து. சொத்தைத் திரும்பப் பெறுவது கம்பெனியின் இலாபம். அவ்வளவே!

பின் ஏன் அது ஒழிந்தது? 1935 ஜனவரியிலே, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலே, தகரக் குவளையில் அடைத்த பீர் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. திருப்பித் தர வேண்டாம். குடித்துவிட்டு வீசலாம் என்பது அதன் கவர்ச்சி. போர்க்காலத்திலே கடல் கடந்து போரிட்ட வீரர்களுக்குக் குவளைக் குவளையாகப் பீர் சென்றது. போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பியது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஊருக்கு ஊர் இருந்த சிறு வடிப்பாலைகளைப் பெரும் கம்பெனிகள் விழுங்கின, ஆலைகள் குறைந்தன, சரக்கு நெடுந்தொலைவு சென்றது. ஆயிரம் மைல் அப்பாலிருந்து காலிப் புட்டியைத் திருப்பி எடுத்துவர வண்டிச் செலவு, கழுவக் கூலி, அடுக்கி வைக்க இடம். வீசியெறியும் குவளையிலே இந்தச் செலவெதுவும் இல்லை.

செலவு இல்லை என்றா சொன்னேன்? செலவு இருந்தது; தலை மாறியது! கம்பெனியின் கணக்கிலிருந்து நகராட்சியின் கணக்குக்குத் தாவியது. தெருவைப் பெருக்கும் கூலி, குப்பை வண்டி, கொட்டும் நிலம் எல்லாம் வரி கொடுப்பவன் தலையிலே. இலாபம் தனியாருக்கு, குப்பை பொதுமக்களுக்கு! எவ்வளவு நேர்த்தியான பங்கீடு!

இந்தப் பங்கீட்டை முதலிலே எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? நகரத்துப் பேராசிரியர்களல்லர், மாடு வளர்க்கும் உழவர்கள். வெர்மாண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம், பால்பண்ணைகள் நிறைந்தது. சாலையிலே போவோர் வீசிய புட்டிகள் வயலிலே விழுந்து உடைந்தன. கண்ணாடிச் சில்லு வைக்கோலிலே கலந்தது. மாடுகள் தின்று மடிந்தன. உழவர் கூக்குரல் சட்டசபைக்கு எட்டியது. 1953இலே, திருப்பித் தர இயலாத புட்டியிலே பீர் விற்கக்கூடாது என்று அந்த மாநிலம் சட்டம் செய்தது.

எந்த ஆண்டு? 1953. 'அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்' அமைப்பு தோன்றியது எந்த ஆண்டு? அதே 1953! மாட்டின் வயிற்றிலே சில்லு குத்தியபோது பிறக்காத அழகுணர்ச்சி, கம்பெனியின் மடியிலே சட்டம் கை வைத்தபோது பிறந்துவிட்டது! அந்த அமைப்பு, "குப்பைப் பூச்சியாக இராதே" என்று குடிமகனைப் பார்த்துக் கூவிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிற்று. நான்காண்டு முடிந்து, 1957இலே வெர்மாண்ட் சட்டம் காலாவதியாயிற்று, புதுப்பிப்பார் இல்லை.

"தெருவிலே குப்பை போடாதே என்பது நல்லுரைதானே, அதிலே என்ன குற்றம்?" என்று கேட்பவர் உண்டு. நல்லுரைதான். தெருவிலே குப்பை போடுவதை நாம் போற்றவில்லை. ஆனால் குழாய் உடைந்து வீட்டிலே வெள்ளம் பாயும்போது, குழாயை மூடாமல், "துடைப்பத்தைக் கையிலெடு, தூய்மையே மேன்மை" என்று போதிப்பவனை என்னவென்பது? அவனே குழாயைத் திறந்து விட்டவனாகவும் இருந்தால்?

1970 ஏப்ரல் 22. முதல் புவி நாள். ஏறத்தாழ இரண்டு கோடி அமெரிக்கர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாணவர்கள் கேட்ட கேள்வி, குப்பை போட்டவன் யார் என்பதோடு நிற்கவில்லை. குப்பையைப் படைத்தவன் யார் என்று வளர்ந்தது. கடல் கடந்து இங்கிலாந்திலும் அதே குரல். 1971 மே திங்களில், புவியின் நண்பர்கள் என்ற இயக்கத்தார், திருப்பி எடுக்க மறுத்த ஏறத்தாழ 1,500 காலிப் புட்டிகளைக் கொண்டுவந்து, லண்டனிலே ஷ்வெப்ஸ் கம்பெனியின் வாசலிலே வரிசையாக அடுக்கினார்கள். "உன் பொருள், நீயே எடுத்துக்கொள்!" என்பது அதன் பொருள்.

அதே 1971இலே ஆரிகன் மாநிலம் துணிந்தது. கவர்னர் டாம் மெக்கால் கையெழுத்திட்டார். பீர், குளிர்பானப் புட்டிகளுக்கும் குவளைகளுக்கும் முன்பணம் கட்டாயம் என்ற சட்டம், 1972 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் சும்மா இருந்தனவா? வழக்குமன்றம் ஏறின. வழக்கின் பெயரையே பாருங்கள்: அமெரிக்கன் கேன் கம்பெனி எதிர் ஆரிகன் மதுக் கட்டுப்பாட்டு ஆணையம்! ஆம், அழகு அமைப்பைத் தோற்றுவித்த அதே அமெரிக்கன் கேன்! ஒரு கையிலே துடைப்பம். மறு கையிலே வழக்குக் கட்டு. 1973இலே மேல்முறையீட்டு மன்றம் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. விளைவு? சாலையோரக் குப்பையிலே 40 விழுக்காடு வரை இருந்த பானப் புட்டி, குவளைகளின் பங்கு, 1979க்குள் 6 விழுக்காடாயிற்று. ஆறு ஏழு ஆண்டிலே ஐந்து சென்ட் சாதித்தது அது. ஒரு கண்ணீர்த் துளியும் தேவைப்படவில்லை.

இதுபோன்ற சட்டங்களை அழகு அமைப்பு எதிர்ப்பது வெளிப்பட்டதும், அதன் ஆலோசனைக் குழுவிலே இருந்த இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் 1970களின் நடுவிலே விலகிச் சென்றன. எனினும் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலே இன்று முன்பணச் சட்டம் இருப்பது பத்திலே மட்டும். மற்றவற்றிலே என்ன இருக்கிறது? ஓர் அடையாளம் இருக்கிறது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள்!

அந்த அம்புகளுக்கும் வரலாறு உண்டு. 1970இலே, கண்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒரு போட்டி நடத்தியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர், 23 வயது கேரி ஆண்டர்சன், முடிவில்லா வளையமாகிய மோபியஸ் பட்டையை நினைவிலே கொண்டு மூன்று அம்புகளை வரைந்து பரிசு பெற்றார். காகிதத்துக்காகப் பிறந்த சின்னம் அது. நல்ல நோக்கத்தோடு வரைந்த இளைஞர் மீது குறையில்லை. பின்னர் அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

1987இலே நியூயார்க் பகுதியின் குப்பை மூவாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஒரு படகு புறப்பட்டது. 'மோப்ரோ 4000' அதன் பெயர். துறைதோறும் துரத்தப்பட்டு, மத்திய அமெரிக்காவின் பெலீஸ் வரை அலைந்து, கொட்ட இடமின்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. குப்பை புரூக்ளினிலே எரிக்கப்பட்டது. நாடே நகைத்தது; நகைப்புக்குப் பின் கவலை பிறந்தது. 1988இலே நியூயார்க் மாநிலத்து சஃபோக் வட்டாரம், சில பிளாஸ்டிக் உணவுப் பொதிகளுக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு மினியாபொலிஸ் பின்தொடர்ந்தது.

சட்டத்தின் காலடி ஓசை கேட்டுவிட்டது. இனி என்ன வரும் என்று, வெர்மாண்ட் கதை கேட்ட தோழர்கள் நீங்களே சொல்லிவிடுவீர்கள். வாக்குறுதி வந்தது. அதே 1988இலே பிளாஸ்டிக் தொழிற்சங்கம், பிளாஸ்டிக் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண்ணிட்டு, ஒவ்வோர் எண்ணையும் அந்த மூன்று அம்புகளுக்கு நடுவிலே பொறித்தது. எண் குறித்தது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே. அம்புகளோ, பார்ப்பவர் மனத்திலே, "இது மீண்டும் பிறக்கும்" என்ற நம்பிக்கையை விதைத்தன. 2013இலே அந்தக் குறியீட்டு விதியிலிருந்தே அம்புகளை நீக்கி, வெறும் முக்கோணமாக்க நேர்ந்தது. கால் நூற்றாண்டுக் காலம் கண்ணை மயக்கிய பிறகு!

பிளாஸ்டிக்கை மீண்டும் பிளாஸ்டிக் ஆக்க முடியாதா? சிலவற்றை முடியும். தண்ணீர்ப் புட்டி, பால்புட்டி போன்ற ஓரிரு வகைகளைப் பிரித்து, கழுவி, உருக்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வகைக்கு வகை உருகும் வெப்பம் வேறு. ஒன்றோடொன்று கலந்தால் கெடும். நிறமும் பிசினும் அடுக்கடுக்கான உறைகளும் தொல்லை. உருக்க உருக்கத் தரம் தாழும். போதாக்குறைக்கு, எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் புதிதாகச் செய்த சரக்கு பல நேரம் மலிவு. இது கம்பெனிகளுக்குத் தெரியாததா? 2020இலே அமெரிக்கப் பொது வானொலியும் பொதுத் தொலைக்காட்சியும் சேர்ந்து பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்தன. பிளாஸ்டிக் மறுசுழற்சி என்றேனும் கட்டுபடியாகுமா என்பது பெரும் ஐயத்துக்கு உரியதென்று, 1974இலேயே அத்தொழிலைச் சார்ந்த ஒருவர் உரையாற்றியிருந்தார். பிளாஸ்டிக் தொழிற்சங்கத்தின் முன்னாள் தலைவர் லாரி தாமஸ் அந்தப் புலனாய்வாளர்களிடம் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மறுசுழற்சி நடக்கிறது என்று மக்கள் நம்பிவிட்டால், சுற்றுச்சூழல் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார்கள் என்றார்.

கவலை தீர்க்கும் மருந்தாகச் சின்னம்! பயன் என்ன? 1950 முதல் 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதிலே குப்பையானது 630 கோடி டன். அந்தக் குப்பையிலே மறுசுழற்சி கண்டது 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12, மீதி 79 விழுக்காடும் குப்பைமேட்டிலும் மண்ணிலும் கடலிலும் கிடக்கிறது. 2017இலே வெளியான ஆய்வின் கணக்கு இது.

இனி, "சுழற்சிப் பொருளாதாரம்" என்ற சொல்லுக்கு வருவோம். அந்தச் சொல்லின் மூதாதையர் நேர்மையானவர்கள். 1966இலே பொருளியலறிஞர் கென்னத் போல்டிங், பூமியை எல்லையுள்ள விண்கலமாக எண்ணிப் பொருளாதாரத்தை அமைக்க வேண்டும் என்று எழுதினார். 1976இலே வால்டர் ஸ்டாகல், ஜெனவீவ் ரெடே இருவரும் ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த அறிக்கையிலே, பொருள்களை நெடுநாள் உழைக்கச் செய்து, பழுது பார்த்து, புதுப்பித்துப் பயன்படுத்தினால் மூலப்பொருளும் மிச்சம், வேலைவாய்ப்பும் பெருகும் என்று காட்டினர். குறைவாகச் செய், நெடுநாள் வைத்துக்கொள், மீண்டும் பயன்படுத்து, எதற்கும் வழியில்லையேல் கடைசியாக உருக்கு. இதுதான் முறை.

கம்பெனிகளின் அறிக்கையிலே இந்த வரிசை தலைகீழ். முதலிலே நிற்பது உருக்குவது! "குறைவாகச் செய்வோம்" என்ற பேச்சைப் பூதக்கண்ணாடி கொண்டு தேட வேண்டும். 2017இலே ஆய்வாளர்கள், இந்தச் சொல்லுக்கு அதுவரை தரப்பட்ட விளக்கங்களைத் திரட்டினர்; 114 கிடைத்தன! 114 விளக்கம் உள்ள சொல்லை எவரும் எப்படியும் வளைக்கலாமன்றோ?

சொல் வளர்ந்தது; செயல் வளர்ந்ததா? உலகம் ஆண்டுதோறும் விழுங்கும் பொருள்களிலே, பயன்படுத்தியவற்றிலிருந்து மீண்டு வருபவை எத்தனை பங்கு என்று, ஆம்ஸ்டர்டாமிலே உள்ள ஓர் அமைப்பு கணக்கிட்டு வருகிறது. 2018 அறிக்கையிலே 9.1 விழுக்காடு. 2023இலே 7.2. 2025இலே 6.9. மேடைதோறும் "சுழற்சி, சுழற்சி" என்ற முழக்கம் ஏற ஏற, சுழலும் பங்கு இறங்கிக் கொண்டே போகிறது!

ஒரு கம்பெனியின் வாக்குறுதியைச் சான்றாகக் காண்போம். கொக்கோ-கோலா, 2018இலே 'குப்பையற்ற உலகம்' என்ற திட்டத்தை அறிவித்தது. விற்கும் ஒவ்வொரு புட்டிக்கும் குவளைக்கும் ஈடாக ஒன்றை, 2030க்குள் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவோம் என்றது. அக்கம்பெனி 2017 ஓராண்டிலே பயன்படுத்திய பிளாஸ்டிக் பொதி 30 லட்சம் டன் என்பதை அதுவே பின்னர் வெளியிட்டது. 2022இலே மற்றொரு வாக்குறுதி: விற்கும் பானத்திலே 25 விழுக்காட்டை, 2030க்குள் மீண்டும் நிரப்பத்தக்க புட்டிகளிலே தருவோம்! பழைய புட்டி திரும்பி வருகிறதென்று பலர் மகிழ்ந்தனர். 2024 டிசம்பரிலே புதிய அறிவிப்பு வந்தது. சேகரிப்பு இலக்கு 70 முதல் 75 விழுக்காடு ஆயிற்று. ஆண்டு 2035க்குத் தள்ளிப் போயிற்று. மீண்டும் நிரப்பும் புட்டி பற்றிய இலக்கு காணாமற் போயிற்று. இதனிடையே விளம்பரங்கள் வெளிவந்துவிட்டன; பாராட்டும் பெற்றாகிவிட்டது.

இதிலே ஒரு தந்திரம் கவனிக்கத்தக்கது. இலக்கு ஆண்டு எப்போதும் தொலைவிலே இருக்கும். வாக்குறுதி தந்த தலைவர் அந்த ஆண்டு வரும்போது பதவியிலே இருக்க மாட்டார். கேட்பாரும் மறந்திருப்பார். இரண்டாம் தந்திரம், "முடியும்" என்ற சொல். "இது மறுசுழற்சி செய்யத்தக்கது" என்பார்கள். செய்கிறார்களா என்பது வேறு கேள்வி. கனடாவிலே கியூரிக் கம்பெனி, தன் காப்பிக் குப்பிகளைப் பற்றி அப்படித்தான் சொன்னது. மூடியைக் கிழித்து, தூளைக் கொட்டிவிட்டுத் தொட்டியிலே போடுங்கள் என்றது. விசாரித்தபோது, இரண்டு மாகாணங்கள் தவிர மற்ற இடங்களிலே பெரும்பாலும் அக்குப்பிகளை மறுசுழற்சிக்கு ஏற்பதே இல்லை என்று தெரிந்தது. 2022இலே 30 லட்சம் கனடா டாலர் தண்டம் கட்ட இசைந்தது. மூன்றாம் தந்திரம், பொருளற்ற புகழ்மொழி. "பசுமையானது", "புவிக்கு நண்பன்", "மனச்சான்றுள்ளது" என்பன போல. 2020இலே ஐரோப்பிய ஆணையம் இத்தகைய கூற்றுகள் 150ஐ எடுத்து ஆராய்ந்தது. 53 விழுக்காடு தெளிவற்றவை, திசைதிருப்புபவை, அல்லது ஆதாரமற்றவை!

"அப்படியானால் கம்பெனிகள் எதுவுமே செய்யாவோ?" என்று கேட்கலாம். செய்யும், செய்தே தீர வேண்டிய இடத்திலே செய்யும். ஜெர்மனியிலே 2003 முதல், வீசியெறியும் புட்டிக்கும் முன்பணம் சட்டப்படி கட்டாயம். அங்கே 95 விழுக்காட்டுக்கு மேல் புட்டிகள் திரும்பி வருகின்றன. ஆரிகனிலே முடியாது என்று வழக்காடியவர்களின் வாரிசுகள், அங்கே இயந்திரம் வைத்துப் புட்டி வாங்குகிறார்கள்! மனம் மாறியதால் அன்று, சட்டம் மாற்றியதால்.

நம் மண்ணிலும் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. நீலகிரிக் காடுகளிலே உடைந்து கிடந்த மதுப் புட்டிச் சில்லுகள் யானைகளின் பாதத்தைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே முதல், அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளிலே புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டி திரும்பி வந்தால் பத்து ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். பெரும்பகுதிப் புட்டிகள் திரும்பி வந்தன. பின்னர் திட்டம் பிற மாவட்டங்களுக்கும் சென்றது. வெர்மாண்ட் மாட்டின் வயிற்றுக்கும் நீலகிரி யானையின் பாதத்துக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டு. கண்ணாடிச் சில்லு அதே, தீர்வும் அதே!

பேச்சுக்கும் கடிவாளம் வந்துகொண்டிருக்கிறது. ஆதாரமின்றிப் "பசுமை" என்று பொதுப்படப் புகழ்ந்துகொள்வதைத் தடுக்க, ஐரோப்பிய ஒன்றியம் 2024இலே விதி செய்து, 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறையாகும் என்று நாள் குறித்தது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2024 அக்டோபரிலே, பசுமைப் பூச்சு விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சுற்றுச்சூழல் பற்றி மார்தட்டுவோர் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் பெரும் போர் முடியவில்லை. பிளாஸ்டிக் மாசினை ஒழிக்க உலக உடன்படிக்கை வேண்டும் என்று 2022 மார்ச்சிலே நைரோபியில் நாடுகள் முடிவு செய்தன. 2024 இறுதியிலே பூசானிலும், 2025 ஆகஸ்டிலே ஜெனீவாவிலும் கூடினர், உடன்பாடின்றியே கலைந்தனர். தடையாக நின்ற வினா எது? உற்பத்திக்கே வரம்பு கட்டுவதா, குப்பையை மட்டும் நிர்வகிப்பதா என்பது! எண்ணெய் வளம் கொழிக்கும் நாடுகள், உற்பத்தியிலே கை வைக்காதீர், மறுசுழற்சியைப் பெருக்குவோம் என்றன. 1953இலே வெர்மாண்டிலே தொடங்கிய வாதம், ஜெனீவா மண்டபத்திலே உலகளாவிய உருவெடுத்து நிற்கிறது.

வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் எளியது. கம்பெனியின் வாக்குறுதி எந்த நாளிலே வந்தது என்று பாருங்கள். அந்த நாளிலே எந்தச் சட்டம் வாசலிலே நின்றது என்றும் பாருங்கள். 1953, 1971, 1988 என்ற மூன்று ஆண்டுகளும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. சட்டம் நெருங்கும்போது நெஞ்சுருகும். சட்டம் விலகியதும் நெஞ்சு இறுகும்.

ஆகவே தோழர்களே, பச்சை அட்டை போட்ட அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, படங்களைப் புரட்டிவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை புட்டி விற்றாய்? எத்தனை திரும்பப் பெற்றாய்? திரும்பாதவற்றை அள்ளும் செலவு யார் தலையிலே? முன்பணச் சட்டம் வந்தபோது நீ எந்தப் பக்கம் நின்றாய்? முதல் இரண்டுக்கு எண் வேண்டும். மூன்றாவதற்குக் கணக்கு வேண்டும். நான்காவதற்கு வரலாறே விடை சொல்லும்.

நாமும் குப்பையைத் தொட்டியிலேதான் போடுவோம். அது நமது ஒழுக்கம். ஆனால் நமது ஒழுக்கத்தைக் காட்டி அவர்களது கடமையை மறைக்க விடமாட்டோம். அது நமது பகுத்தறிவு.